வெள்ளைப் பொடி

திருச்சுழி ரோட்டில் மாதவன் கட்டிய ஆலைக்கு, அவருடைய அண்ணன் மகள் சுபத்ராவின் படிப்புதான் அஸ்திவாரம். குளிர்பான பாட்டில் சில்லுகளைக் கிளைக்கால் என்ற திரவத்தில் வினையூக்கியோடு சேர்த்து இருநூறு டிகிரியில் காய்ச்சினால், பிளாஸ்டிக் பிரிந்து, புதுப் பாட்டில் செய்வதற்கான மூலப்பொடியாகிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் அவள் அதைச் செய்து காட்டியிருந்தாள். தகப்பன் இறந்த பிறகு அவளை வளர்த்த சித்தப்பா, அவள் பேச்சை நம்பி அரிசி மண்டியை மூடிவிட்டு இதில் இறங்கினார்.

ஆலையின் பெரிய கலத்தில் அது நடக்கவில்லை. பாட்டிலை இறுக்கிப் பிடித்திருக்கும் பெயர் அச்சிட்ட உறை வேறு வகை பிளாஸ்டிக். அது கொஞ்சம் கலந்தாலும் மொத்தமும் கறுத்துப்போகும். லாரிகளோ வந்துகொண்டே இருந்தன. குவியல் சுவரைத் தாண்டியது. காற்றடித்தால் பாட்டில்கள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் உருண்டன. காட்டுக்காரர்கள் சுபத்ராவிடம்தான் வந்து நின்றார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வரும் நாளில், சித்தப்பா மேஜைமேல் ஒரு ஜாடியை வைத்தார். உள்ளே வெள்ளைப் பொடி.

"இங்க எடுத்ததுன்னு சொல்லு. அனுமதியப் புதுப்பிச்சுக் குடுத்துருவாக."

"இது காலேஜுல எடுத்தது சித்தப்பா."

"தெரியும். நான் யாரை நம்பி இறங்குனேன்?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "உங்க ஆலையில வந்ததாம்மா?"

சித்தப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். சுபத்ரா ஜாடியை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"இல்ல மேடம். இங்க கறுப்பாத்தான் வருது. வாங்க, காட்டுறேன்."

இருக்கும் குவியல் தீரும்வரை புது லோடு இறக்கக் கூடாது என்று உத்தரவானது. பொறுப்பாளர் என்ற இடத்தில் சுபத்ராவின் பெயர். புனேயில் கிடைத்திருந்த வேலைக்கு வர முடியாது என்று அன்றே எழுதினாள். சித்தப்பா அவளை வையவில்லை. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் தரம் பிரிக்கும் சுமதி மட்டும் வேலைக்கு வந்தாள். இருவரும் பிளேடால் ஒவ்வொரு உறையாகக் கிழித்தார்கள். மதியத்துக்குள் இரண்டு மூட்டை. அந்த வாரக் கடைசியில் காய்ச்சியதில் பொடி பழுப்பாக வந்தது. கறுப்பு இல்லை.

"இப்படியே போனா எம்புட்டு நாளு ஆகும் மேடம்?"

"நாலு வருசம்."

சுமதி தன் பிளேடை மாற்றிக்கொண்டு, சுபத்ராவுக்கும் ஒரு புதுப் பிளேடை நீட்டினாள்.