கேமரா பார்த்த ஆட்டம்

அம்பொன்சாவின் மனைவி செர்வா படம் கேட்டு வந்தபோது ஓபிரி பெரிய கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துக்கத்துக்குச் சிவப்புத் துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, தலைக்குக் கறுப்புக் கட்டி, கால் முழுக்கப் புழுதியோடு வந்திருந்தாள். அம்பொன்சா செத்து இன்னும் வாரம் ஆகவில்லை. ஒருவாரத் துக்கக் கூடலுக்கு ஆட்கள் திரள்வதற்குள் போஸ்டர் அடித்துச் சுவரெல்லாம் ஒட்டியாக வேண்டும். குமாசி ஊரில் செத்தவனுக்குப் படம் இல்லையென்றால் அவன் இருந்ததற்கே சாட்சி இல்லாத மாதிரி.

"படம் உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு அண்ணே. வைரம் மாதிரி வந்திருக்காமே" என்றாள்.

ஓபிரி துடைப்பதை நிறுத்தினார். வைரம் என்று சொன்னது அவரே.

மர லாரி ஓட்டிப் பிழைத்தவர் ஓபிரி. எவனையும் நம்ப மாட்டார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினால் பக்கத்திலேயே குந்தியிருப்பார். பாதிரியார் கண்ணை மூடி ஜெபம் செய்தால் இவர் திறந்து வைத்திருப்பார். லாரியை விட்டு இறங்கிய பிறகு படமெடுக்கும் பித்துப் பிடித்தது. ஜெர்மனியில் இருக்கும் மகள் சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமரா அனுப்பியிருந்தாள். சட்டைப் பையில் கிடக்கும். நீட்டி அமுக்கினால் படம். கல்யாணம், சர்ச், சந்தை என்று எதையும் விட மாட்டார்.

லாரிப் பட்டறைகளுக்கு நடுவே மாமரத்தடியில் டாமே என்கிற காய் வெட்டும் ஆட்டம் நடக்கும். கட்டம் போட்ட பலகை, மரக்காய்கள், பலகை அதிரக் காயை அடித்து வைக்கிற ஓசை, அதைவிடப் பெரிய வாய். அங்கே ஜெயித்தால் மட்டும் போதாது, தோற்றவனை நார் நாராகக் கிழிக்க வேண்டும். அதில் அம்பொன்சாவை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒருநாள் ஓபிரியின் காய்களை மொத்தமாக வெட்டித் தள்ளிவிட்டு, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார் அம்பொன்சா. பழக்கதோஷத்தில் ஓபிரியின் கை கேமராவைத் தலைக்குமேல் நீட்டி அமுக்கிவிட்டது. அருமையாக விழுந்திருந்தது படம். சிரிப்பு, ஓட்டைப் பல், கையில் அடுக்கிய காய்கள். ஓரத்தில், குனிந்த ஓபிரியின் தொப்பி.

"யோவ், இதைத்தான் என் சாவு போஸ்டருக்குப் போடணும். வோட்டர் கார்டுல என் மூஞ்சியப் பாத்தியா? கோழி திருடி மாட்டினவன் மாதிரி இருக்கு. அதைப் போட்டீங்க, எந்திரிச்சு வந்துருவேன்" என்றார் அம்பொன்சா.

மரத்தடியே சிரித்தது. அந்தத் தொப்பி ஊர்ச் சுவரெல்லாம் தொங்குவதை ஓபிரி நினைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே படத்தை அழித்துவிட்டார். அம்பொன்சா கேட்டபோது, அது சோப்புப் பெட்டிப் படம், போஸ்டருக்குப் பெரிதாக்கினால் பல்லிளிக்கும், பெரிய கேமரா வாங்கி ராஜா மாதிரி எடுத்துத் தருகிறேன் என்று சமாளித்தார். சொன்னதற்காகவே வாங்க வேண்டியதாயிற்று.

நகரக் கடைத்தெருவில் அசாரே பழைய கேமராக்கள் விற்கிறவன். அவன் ஓபிரியின் கையைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினான். சின்னதில் கிட்டே இருப்பது தூரத்தில் இருப்பது எல்லாமே ஓரளவு தெளிவாக விழும், பெரியது அப்படியில்லை, எதைக் குறி பார்த்தீர்களோ அது மட்டும்தான் தெளியும், மற்றதெல்லாம் கலங்கிவிடும் என்றான். பழக வேண்டும், கை நடுங்கக் கூடாது, உங்களுக்குச் சின்னதே போதும் என்றான்.

வாங்காதே என்று சொல்கிற வியாபாரியை ஓபிரி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வேறு எவனுக்கோ எடுத்து வைத்திருக்கிறான், கிழவன் என்று என்னை ஏய்க்கிறான் என்று முடிவு கட்டினார். சின்னதை அவனிடமே விலைக்குத் தள்ளிவிட்டுப் பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அசாரே சொல்லித்தர வந்ததையும் கேட்கவில்லை.

மறுநாள் மரத்தடியில் அம்பொன்சாவோடு ஆடிய ஆட்டத்தின் பாதியில் கேமராவை எடுத்தார். அம்பொன்சா அதைப் பார்த்ததும் கட்டை மாதிரி விறைத்தார். "என்னய்யா, பீரங்கிய நீட்டுற? சிரிப்பு வரலையே" என்றார். ஓபிரி அமுக்கினார். வெயிலில் பின்பக்கத் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. இருந்தாலும், "வைரம்" என்றார். அப்போதுதான் பலகையைக் கவனித்தார். ஆட்டம் கைமீறிப் போயிருந்தது. படவேலை முடிந்தது, இன்னொரு நாள் ஆடலாம் என்று காய்களைக் கலைத்துவிட்டார்.

அம்பொன்சா கோபிக்கவில்லை. "கலைச்சா கலைச்சுக்கோ. கேமரா பாத்துருச்சுல்ல" என்றார்.

வீட்டில் ஓபிரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பலகை தெளிவாக இருந்தது. மரக்காயின் வெடிப்பைக்கூட எண்ணலாம். அதற்குப் பின்னால் அம்பொன்சா புகையாக இருந்தார். திரும்ப எடுத்திருக்கலாம். ஆனால் முதல் படம் பாழ் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மரத்தடி வாய்க்குத் தீனி போட வேண்டும். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினார். அம்பொன்சா தினம் கேட்பார், இவர் தினம் வைரம் என்பார். ஒருநாள் காலை அம்பொன்சா பல் குச்சியோடு வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது செர்வா நிற்கிறாள்.

"மெஷின் படத்தைத் தின்னுடுச்சு தங்கச்சி" என்றார் ஓபிரி.

அவள் கேமராவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, பரவாயில்லை அண்ணே, மெஷினை நம்ப முடியுமா, நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவரையே தேற்றினாள். வோட்டர் கார்டு படத்தையே போட்டுக்கொள்கிறோம் என்று வாசல்வரை போய்விட்டாள். ஊரில் எல்லோரையும் பொய்யன் என்கிற வாய் ஓபிரியுடையது. அந்த வாயை அவராலேயே அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, கலங்கின படத்தைக் காட்டினார். அழித்த படத்தையும் சொன்னார்.

"அவரு சிரிச்ச படமா?"

"ஆமா."

"அதை ஏன் அழிச்சீங்க?"

"அதுல நான் தோத்திருந்தேன்."

செர்வா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஓபிரி அன்றைக்குக் கொஞ்சம் சோறு தின்றிருப்பார். கலங்கிய படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதையே போடுங்க. கோழி திருடனாப் போறதுக்குப் புகையாப் போகட்டும். எவன் எடுத்தான்னு கேக்கிறவங்களுக்கு நீங்களே நின்னு பதில் சொல்லுங்க."

கூடல் அன்று மாமரத்தடிக் கொட்டகைச் சுவரிலும் அந்தப் போஸ்டர் தொங்கியது. சிவப்பும் கறுப்புமாக வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். யார் எடுத்த லட்சணம் இது என்றார்கள். ஓபிரி பக்கத்திலேயே நின்று, நான்தான் என்றார். அம்பொன்சாவின் மைத்துனர் கேட்டார், சர்ச் பெண்கள் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னார். யாருக்கும் அதற்குமேல் விளக்கவில்லை.

பிறகு டாமே ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் முகத்தைத் தேடவில்லை. நேரே பலகையைப் பார்த்தார்கள். டயர்க் கடைக்கார பிரெம்போ, போஸ்டரில் விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினான்.

"இந்தக் காயை இவரு குடுக்கிறாரு. எதிராளி வெட்டியே ஆகணும், வேற வழியில்ல. வெட்டினான்னா இவரு இங்கருந்து மூணையும் வெட்டிட்டு ராஜாவாகிடுறாரு. முடிஞ்சுது கதை. கிழவன் செத்தும் ஜெயிக்கிறான்யா" என்றவன் திரும்பினான். "எதிர்ல ஆடினது யாரு?"

எல்லோரும் பிரெம்போவின் விரலையும் ஓபிரியின் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் ஓபிரி.

மரத்தடி சிரித்தது. கேலி கிளம்பியது, அம்பொன்சா இருந்தால் எப்படிக் கிளம்புமோ அப்படி. ஓபிரி வாங்கிக்கொண்டார். அது அவருக்கு வலிக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பின்னும் அவர் போஸ்டருக்கு முன்னாலேயே நின்றார். கிட்டே போய்ப் பார்த்தார், எட்டி நின்று பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் புகைக்குள் ஓட்டைப் பல் தெரியவில்லை.