தண்ணீரிடம் பேரம்

பச்சை. நடுவில் பச்சை, ஓரங்களில் கரும்பச்சை. கூடத்து ட்யூப்லைட்டின் வெளிச்சம் கண்ணாடி வரை வந்து, உள்ளே போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

ஈரோட்டு வானமும் அன்றைக்கு அப்படித்தான். பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. வாங்குவதா வேண்டாமா என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கும் ஆள்போல ஒரு மேகம்.

நாச்சிமுத்து மீன்தொட்டியின் முன்னால் நின்றார். ஜவுளிச் சந்தையில் லுங்கியும் துண்டும் மொத்தமாக விற்பவர். இரண்டு விரலால் தடவிப் பார்த்து எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று சொல்லிவிடுவார். இந்தப் பச்சைக்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

தொட்டி அவருடையது இல்லை. அவர் மனைவி வசந்தாமணியுடையது. சித்திரையில் மகள் சுகன்யாவின் பிரசவத்துக்காகப் புனே போனாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு குடம் தண்ணி மாத்துங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க."

வேறு ஒன்றும் அவர் பண்ணவில்லை. அந்த இரண்டையும் பண்ணவில்லை.

ஞாபகம் வந்த அன்றைக்கு ஒரு கை அள்ளிப் போட்டார். மறந்த நாட்களுக்கும் சேர்த்து. மீன் வயிறு குடோன் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

ஆடியில் வருகிறேன் என்றாள் வசந்தாமணி. ஆடி வந்தது. குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள். கழுத்து நின்றது. குப்புற விழட்டும் என்றாள். அதுவும் விழுந்தது. இப்போது பல் முளைக்கட்டும் என்கிறாள்.

"பாத்துட்டு வர்றோமுங்க" என்று சொல்லிக் கடைப்படி இறங்குகிறவர்களை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். குரல் இனிப்பாக இருக்கும். கண் ஏற்கெனவே எதிர்க்கடையில் இருக்கும். திரும்பி வரமாட்டார்கள்.

வசந்தாமணியின் குரல் இப்போதெல்லாம் இனிப்பாக இருந்தது.

ஏன் வருவாள்? அங்கே பேச ஆள் இருக்கிறது. இங்கே அவள் பேசியதெல்லாம் மீன்களோடுதான். அவர் இரவு கடையடைத்து வருவார், தட்டு வரும், சாப்பிடுவார், "ம்" என்பார். ஒரு "ம்"முக்கு எத்தனை வருஷம்தான் பதில் சொல்வாள் ஒருத்தி?

வீடியோவில் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. "மீனக் காட்டுங்க."

"லைட்டு பீஸ் போயிருச்சு புள்ள."

அந்த லைட் ஆடியிலிருந்து பீஸ் போய்க்கொண்டே இருந்தது.

மீன்கள் உயிரோடு இருந்தால் அவள் வர ஒரு காரணம் இருக்கும். அவருக்காக வருவாள் என்று தன் கல்லாவின் மேல் கைவைத்து அவரால் சத்தியம் பண்ண முடியாது. மீனுக்காக வருவாள். மீன் இல்லை என்று தெரிந்துவிட்டால்?

அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்க்கவில்லை. விடை தெரிந்த கணக்கு.

ஆயுதபூஜை வந்தது.

பூஜைக்கு முன்னால் கடை கழுவுவது சந்தையில் சாதாரண வேலை இல்லை. சரக்கெல்லாம் கீழே இறங்கும். ரேக்குகள் தெருவுக்கு வரும். முழக்கோல், கத்தரி, கால்குலேட்டர்கூடக் குளித்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். மூலையில் ஒரு நூல் தூசி இருந்தால் லட்சுமி படியேற மாட்டாள் என்பது சட்டம்.

நாச்சிமுத்து தொட்டிக்கும் அந்தச் சட்டத்தைப் போட்டார்.

பச்சைத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்தார். அடியில், மண்ணோடு மண்ணாக, ஒரு கறுப்பு அசைந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிற மீன். வசந்தாமணி அதற்குக் கரியான் என்று பேர் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் போய், அது மட்டும் இருந்தது. அவரை ஒருமுறை பார்த்தது. பார்வையில் மரியாதை இல்லை.

கரியானை வாளியில் விட்டார். கூழாங்கற்களைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டார். தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற மோட்டாரைப் பிரித்தார். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச், கருப்பட்டி நிறத்தில், கொழகொழவென்று. மூக்கைப் பொத்திக்கொண்டார். துணி சோப்புப் போட்டுக் கசக்கினார். மறுபடி கசக்கினார். தும்பைப்பூவாக வெளுத்தது.

புதுத் தண்ணீர். மின்னும் கல். கண்ணாடியின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். ஒரு எலுமிச்சம்பழம். கரியான் மறுபடி உள்ளே.

அன்றைக்கு வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போனது. நாச்சிமுத்து இடுப்பில் கைவைத்து நின்றார். இவ்வளவுதானா விஷயம்?

அடுத்து சரக்கு. பஸ் ஸ்டாண்டு பின்னால் ஜாபரின் மீன்கடை. வசந்தாமணி வைத்திருந்த மீன்களை மனதில் ஓட்டி, அதே நிறம், அதே அளவாகப் பொறுக்கினார். ஒரு கட்டில் ஒரு துண்டு குறைந்தால் அதே கரையில் இன்னொன்றைச் செருகிக் கட்டிவிடுகிற கை அது. வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

"ரெண்டு டஜன் எடுக்கறேன். டஜனுக்கு ரெண்டு சேத்துப் போடு."

"மீனுங்கண்ணா இது, வாழப்பழம் இல்ல," என்றான் ஜாபர். "எல்லாத்தையும் ஒரே நாள்லயா விடப் போறீங்க?"

"ரேக்கு காலியா இருந்தா எவன்யா கடைக்குள்ள வருவான்?"

ஜாபர் டஜனுக்கு இரண்டு சேர்த்துப் போட்டான். நாச்சிமுத்து ஜெயித்த முகத்தோடு, தளும்பும் பைகளோடு, மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தார்.

ஒரு நாள் நன்றாகத்தான் இருந்தன. ஆரஞ்சு, வெள்ளி, கறுப்பு. தீபாவளிக் கடைத்தெருபோல நெரிசல்.

மறுநாள் ஒன்று மிதந்தது. வழியில் உடைந்த சரக்கு என்று எடுத்துப் போட்டார். அடுத்து இரண்டு. அடுத்து எண்ணவில்லை. தண்ணீர் வெளுத்தது. வடித்த கஞ்சிபோல ஒரு வெண்மை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏதோ விலை கேட்கிறதுபோல.

"என்னதான்யா வேணும் உனக்கு?" என்று தண்ணீரிடம் கேட்டார்.

இன்னொன்று மேலே வந்து மிதந்தது.

தொட்டியை மறுபடி கழுவினார். இன்னும் அழுத்தி. ஸ்பாஞ்சை இன்னும் வெளுக்க. மறுபடி ஜாபர். மறுபடி பைகள். மறுபடி மிதப்பு.

கோபம் வந்தது. அவர் வாழ்நாளில் பேரத்துக்குப் படியாத ஆள் இல்லை. சேட்டுக் கடையில் படிய வைத்திருக்கிறார். சேலத்துத் தறிக்காரனைப் படிய வைத்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரு முகம் இருக்கும், முகத்தில் ஒரு நரம்பு இருக்கும், அது துடிக்கும்போது விலையை நிறுத்தினால் சரக்கு நம்முடையது. இந்தத் தண்ணீருக்கு முகம் இல்லை. நரம்பு இல்லை. கூட்டிக் கேட்டாலும் குறைத்துக் கேட்டாலும் ஒரே பார்வை.

வெளியே ஐப்பசி மழை. உள்ளே வெள்ளைத் தண்ணீர். இரண்டுமே விடுவதாக இல்லை.

கடைசியில் கரியான் மேலே வந்தான். எல்லாவற்றையும் பார்த்தவன், எதற்கும் அசையாதவன், தண்ணீரின் மேல்தோலில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சினான்.

போனை எடுத்தார். வீடியோ இல்லாமல்.

"ஏம்புள்ள, நம்ம கடைக்கு வர்ற ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார். "அவரு வீட்ல மீனு செத்துச் செத்துப் போவுதாமா. உனக்குத் தெரியுமேன்னு கேட்டாரு."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"அந்த ஒருத்தரு," என்றாள் வசந்தாமணி, "ஸ்பாஞ்ச சோப்புப் போட்டுக் கழுவினாருங்களா?"

"...கழுவினாராமா."

"கல்லையும்?"

"பிளீச்சிங் போட்டாராமா."

"அவருக்கு அறிவு இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து கூடத்துச் சுவரைப் பார்த்தார். "இருக்குதுன்னுதான் சந்தையில சொல்றாங்க."

"அந்த அழுக்கு அழுக்கே இல்லீங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்குது. மீனு போடற கழிவத் தின்னு தண்ணிய வெசமாக்காம வெச்சிருக்கறது அதுதான். அத வெளுத்துப்போட்டு மேல மேல மீன விட்டா? வேலைக்காரங்கள எல்லாம் தொரத்திப்போட்டு விருந்துக்கு ஊரக் கூப்பிட்ட மாதிரிதான்."

"இப்ப என்ன பண்றதுன்னு கேக்கறாரு."

"இனிக் கழுவக் கூடாது. புது மீனு கூடாது. பைப்புத் தண்ணிய ஒரு ராத்திரி வாளியில வெச்சு, தெனம் கொஞ்சமா மாத்தச் சொல்லுங்க. மீன் கடையில கெஞ்சி, அவங்க ஃபில்டரோட பழைய அழுக்குல ஒரு கை வாங்கி இதுல பிழிஞ்சு விடச் சொல்லுங்க. அப்பறம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

"சும்மாவா?"

"சும்மா."

வைக்கப்போனவள் நிறுத்தினாள். "அவரு வீட்ல, கறுப்பா ஒண்ணு, கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்குமே. அது இருக்குதான்னு கேளுங்க."

நாச்சிமுத்து தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இருக்குதாமா."

"செரி," என்று வைத்துவிட்டாள்.

அவருடைய அப்பா மாட்டுத் தரகர். கண்ணபுரம் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். வெளியே சிரிப்பு, மழை, வெற்றிலை. உள்ளே விரல் சொல்லும். இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

அந்த ஒருத்தர் என்கிற துண்டின் அடியில் வசந்தாமணி அவர் விரலைப் பிடித்துவிட்டாள். எவ்வளவு கேட்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

அழுக்கு வாங்கப் போனார்.

"அழுக்குக்கு என்ன வெல?" என்றார் ஜாபரிடம்.

"சும்மா எடுத்துக்கோங்ணா."

"சும்மான்னா எப்படி? சொல்லு."

"அழுக்குங்ணா அது!"

விலை இல்லாத சரக்கைக் கையில் வாங்கி அவருக்குப் பழக்கம் இல்லை. வழியெல்லாம் எங்கோ ஏமாந்துவிட்டதாகவே இருந்தது. மழையில், குடைக்கு அடியில், ஒரு கவர் நிறையக் கருப்பட்டிச் சேறு. வெளுத்த ஸ்பாஞ்சின் மேல் அதைப் பிழிந்தார். அவர் கையாலேயே. அவர் வெளுத்ததை அவரே கறையாக்கினார்.

பிறகு சும்மா இருந்தார்.

சும்மா இருப்பதுபோல ஒரு தண்டனை சந்தைக்காரனுக்கு இல்லை. தண்ணீர் வெளுத்தது. பழுப்பானது. பழுப்பை விட்டு மறுபடி வெளுத்தது. நேற்றுத் தெளிந்ததுபோல இருந்து இன்று கலங்கியது. சரக்கு இல்லாத கடையைத் திறந்து வைத்து, விளக்குப் போட்டு, தினம் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எரிச்சல்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்த ஒருத்தருக்காகப் போன் போனது.

"இன்னும் கலங்கலாத்தான் இருக்குதாமா. மருந்து ஏதாச்சும் ஊத்தட்டுமான்னு கேக்கறாரு."

"கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க. அவரு எல்லாத்துக்கும் அவசரப்படறவரு."

"நீ அவரப் பாத்ததே இல்லையே."

"பாக்காமத்தான் இருந்தாருங்க, அவரு. தொட்டிக்கிட்ட என்னைக்காச்சும் உக்காந்து பாத்திருக்காரா? கேளுங்க."

நாச்சிமுத்து கேட்டார். அந்த ஒருத்தரிடமிருந்து நல்ல பதில் வரவில்லை.

அன்று கடையைச் சீக்கிரம் அடைத்தார். பக்கத்துக் கடைக்காரன் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனான். தொட்டியின் பக்கத்தில் வசந்தாமணியின் பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. அவள் உயரத்துக்கு வைத்த ஸ்டூல்.

கரியான் கண்ணாடியைச் சுரண்டுவதைப் பார்த்தார். ஒரு வரி. நின்று, அடுத்த வரி. தறியில் நாடா ஓடுகிறதுபோல இடமும் வலமும். ஸ்பாஞ்ச் நிறம் மாறிக்கொண்டு வந்தது. மோட்டார் தண்ணீருக்குள் முணுமுணுத்தது. அந்தச் சத்தத்தில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார். கேட்டதில்லை.

மழை இரண்டு நாள் விட்டது. மறுபடி பிடித்தது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்தவர் பிரஷ்ஷோடு நின்றுவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் இல்லை என்று நினைத்தார். அவ்வளவு தெளிவு. சன்னல் வெளிச்சம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்து, தரையில் நெளிந்துகொண்டிருந்தது. நடுவில் கரியான், காற்றில் தொங்குகிறவன்போல.

நுரையைத் துப்பாமலேயே போனை எடுத்தார். துப்பிவிட்டு வந்து பேசினார்.

"தெளிஞ்சிருச்சாமா புள்ள. கண்ணாடி மாதிரி. இனி என்ன மீனு வாங்கலாம்னு கேக்கறாரு."

"ஒண்ணும் வாங்க வேண்டாம்னு சொல்லுங்க."

ஆக, இதுதான் விலை. இவ்வளவும் பண்ணி, கடைசியில் காலித் தொட்டி.

"ஏனாமா?"

"அவரு போனா டஜனுக்கு ரெண்டு சேத்துப் போடுன்னு அள்ளிக்கிட்டு வருவாரு." குழந்தை ஏதோ கத்தியது. அதட்டினாள். திரும்பி வந்தாள். "நான் வந்து வாங்கிக்கறனுங்க."

எப்போது என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தது. சரக்கு என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்காமல் அவர் எந்தப் பேரத்தையும் முடித்ததில்லை. கரியான் ஒரு வரி சுரண்டி முடித்து, அடுத்த வரிக்கு நகர்ந்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி," என்றார் நாச்சிமுத்து. "சொல்லிடறேன்."