முடியாது என்று ஒருவர் சொல்லவேண்டியிருந்தது

என் கணவர் குடிநீர் அலுவலகத்தில் தலைமை இன்ஜினியராக இருந்தார். குழாய் இணைப்பு கேட்டு வருகிறவர்களிடம் "பார்க்கலாம்" என்பார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார், மறுபடியும் வருவார்.

வீட்டில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. உப்பு குறைந்தால் குறைந்தது என்பார். ஆபீஸில் மட்டும் ஏன் அப்படி என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்து நுரையோடு திரும்பினார்.

"சரின்னா வேலை முடிஞ்சுதுன்னு போயிடுவான். முடியாதுன்னா மேலிடத்துக்குப் போவான். பார்க்கலாம்னா என்னையே சுத்துவான்."

பெருமையாகச் சொல்லவில்லை. பைப்பில் அழுத்தம் எப்படி உண்டாகிறது என்று விளக்குகிற குரலில் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பதவியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். குடியிருந்தது ஆபீஸ் குவார்ட்டர்ஸ் மாடியில். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு எட்டாவது மாதம். குழந்தை பிறக்கும்வரை இருக்கவிட்டால் போதும் என்று கேட்கப் போனேன். இல்லையென்றால் அவளால் படி இறங்க முடிகிறபோதே வேறு வீடு பிடித்தாக வேண்டும்.

அவர் நாற்காலிக்கு வந்திருந்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். நாங்கள் சின்னவர் என்போம். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். எழுந்து நின்று வரவேற்றார். "பார்க்கலாம் அண்ணி" என்றார்.

போகும்போதெல்லாம் அதையேதான் சொன்னார். எனக்கு என்னைப் பார்த்தே ஆச்சரியமாக இருந்தது. அவர் என்னை எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டு முடித்திருப்பாரா என்று யோசித்துக் கிளம்பினேன். வாசலில் பியூனிடம், இன்றைக்கு ஐயா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். கண்ணாடியில் புடவையைச் சரிபார்த்தேன். இதையெல்லாம் எனக்குள் செய்வது யார்?

ஒருநாள் அறைக்குள்ளேயே பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் சொன்னேன்.

"தம்பி, முடியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"ஐயோ, நான் எப்ப அண்ணி முடியாதுன்னேன்?"

"சொல்லலையே. அதான் கேக்குறேன்."

குழாய் இணைப்புக்காகப் பெஞ்சில் காத்திருந்த ஒரு தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அப்படியே எனக்கும் சொல்லிடுங்க சார். கிணறாவது வெட்டிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். பியூன் உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தான். சின்னவர் அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேல கேட்டிருக்கேன் அண்ணி. அவங்களும் பார்க்கலாம்னுதான் சொல்றாங்க."

அந்த மேலே உள்ளவருக்கும் ஒரு மேலே இருக்கும். அங்கே என்ன பதில் வந்திருக்கும்? ஏணியின் உச்சிப்படியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

"அவங்களை விடுங்க. நீங்க சொல்லுங்க. நான் வேற வீடு பாத்துக்குவேன். உங்க மேல வருத்தமே இல்ல."

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்கிறவர் போல வாயெடுத்தார்.

"முடியாது அண்ணி."

சொன்னதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். அத்தனை நாளில் அவர் முதுகு அதில் பட்டு அப்போதுதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் தையல்காரர் தன் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். தரைத்தளம்; தண்ணீர் மட்டும் தெருக்குழாயில் பிடிக்க வேண்டும். அன்றைக்கே பேசி முடித்தேன். மகளைக் கூட்டிப் போனபோது சுவரைத் தடவிப் பார்த்தபடி கேட்டாள்.

"இங்க எத்தனை நாள்மா இருக்கலாம்?"

"வாடகை குடுக்கிற வரைக்கும்" என்றேன். பாயை விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.