துடைக்காமல் விட்ட இடம்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. சகாயசெல்வி கொடுத்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நான் இலக்கியம், அவள் கணினி. "ஜான்சனுக்கு நன்றி சொல்லணும்டி. நேர்ல சொன்னா சிரிப்பான். நீ எழுதிடு" என்றாள்.

2

முதல் தொடக்கம்: 2006 மே மாதம். மரக்காணம் உப்பளத்தின் மேல் வெயில்

நிறுத்திவிட்டேன். வெயிலை எழுதினால் கெர்னல் என்ற கணினிச் சங்கதியை எழுதுவதைத் தள்ளிப்போடலாம். வேறு காரணம் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி. உள்ளே மோட்டாரைப் போடும் சிறிய கணினி. அதன் கெர்னலை, அதாவது கருவிகளை நேரடியாக ஆளும் அடித்தள நிரலை, 2004இல் எழுதியவள் செல்வி. அதன் மேல் ஓடும் நிரலை எழுதியவன், புதுச்சேரி அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த ஜான்சன். நிரல் மோட்டாரை நேரடியாகத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். கேட்கும் முறையை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால் மாற்றக் கூடாது. அதை நம்பி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கேட்கும் முறையில் செல்வி ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள், பின்னால் தேவைப்படும் என்று. (இங்கே 'தொலைநோக்கு' என்று எழுதி அடித்தேன். அந்த இடம் காலியாகத்தான் வருகிறதா என்று அவளுடைய கெர்னல் பார்க்கவேயில்லை.)

3

இரண்டு வருடம் கழித்து உப்பளக்காரர் ஆதிமூலம் கேட்டார்: "மோட்டாரப் போடுற பொட்டி மடையையும் தொறக்காதாம்மா?"

செல்வி காலியிடத்துக்குப் பொருள் கொடுத்தாள். அதில் பூஜ்யம் வந்தால் மோட்டார் மட்டும். வேறு எது வந்தாலும் மடையும் திறக்கும். புதிய கெர்னலோடு மரக்காணத்துக்கு பஸ் ஏறினாள்.

கடைசிப் பாத்திகளில் உப்பு விளைந்து நின்றது. கொளஞ்சியம்மாளும் ஆறு பெண்களும் மறுநாள் வார வேண்டியது. வாரினால்தான் கூலி. மடை திறந்தால் உப்பேறாத தண்ணீர் உள்ளே வந்து அத்தனையையும் கரைத்துவிடும்.

4

கொளஞ்சியம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ஏம்மா, அரை மணி நேரமா அந்தப் பொட்டியையே மொறைக்கிற. அது என்ன உன்னப் பொண்ணு பாக்க வந்துருக்குதா?"

செல்வி சிரித்தபோது போன் அடித்தது. ஜான்சன். அவன் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்தபோது புதிய கெர்னலைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தாள்.

"செல்வி, மாத்திட்டியா?"

"மாத்தப் போறேன்."

"மாத்தாத. என் ப்ரோக்ராம்ல அந்தக் காலி எடத்த நான் தொடைக்கவே இல்ல. மெமரில கெடந்த குப்பைதான் அப்படியே வந்துட்டிருக்குது. மோட்டாரப் போட்டதும் மடை தொறந்துக்கும்."

"ரெண்டு வருஷமாவா?"

"நீதான் பாக்கலியே. பாக்காத எடத்த எவன் பெருக்குவான்?"

"சோம்பேறி."

"சோம்பேறிதான். மொதல்ல கைய எடு."

5

இங்கே ஒரு முடிவு எழுதினேன். போன் வரவில்லை, உப்பு கரைகிறது, கொளஞ்சியம்மாள் வரப்பில் வெறுங்கையோடு நிற்கிறாள். நல்ல பத்தி. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஒரு வாக்கியம் நன்றாக அமைவதற்காக ஏழு பேரின் உழைப்பைக் கரைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

ஜான்சனையும் சந்தேகித்தேன். அவன் பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்கச் செல்விக்கு. அவனை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பிறகு ஏன் கூப்பிட்டான்? குற்றவுணர்வு, பழைய காதல், அல்லது

வேண்டாம். குளிக்கும்போது ஞாபகம் வந்ததாம். தலை துவட்டாமல் கூப்பிட்டானாம். அதற்கு மேல் காரணம் கேட்பது நன்றிகெட்டதனம்.

6

செல்வி பழைய முறையை அப்படியே விட்டாள். ஜான்சனின் நிரல் அதில்தான் கேட்கிறது. மடைக்குப் புதிதாக ஒரு சிஸ்டம் கால் செய்தாள். தான் தருவது எவ்வளவு நீளம் என்று நிரல் முதலில் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால் மீதியைக் கெர்னல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். கெர்னலுக்குத் தெரியாத இடத்தில் ஏதாவது கிடந்தால், முடியாது என்று திருப்பி அனுப்பும்.*

* இன்று முடியாது என்று சொல்லி வைத்தால்தான் எந்த நிரலும் அங்கே குப்பையை விடாது, நாளை அந்த இடத்துக்குப் புதுப் பொருள் கொடுக்கலாம். இது எனக்குப் புரிய இரண்டு டீ ஆனது. இரண்டையும் செல்வி வாங்கித் தந்தாள்.

7

அதெல்லாம் பிறகு. அன்று கொட்டகையில் செல்வி பெட்டியை மூடினாள்.

"மாத்தலியா?"

"இல்லக்கா. மாத்தியிருந்தா உங்க உப்பு கரைஞ்சிருக்கும்."

கொளஞ்சியம்மாள் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு பண்ண தப்பு?"

துடைக்காதவன் ஜான்சன். பார்க்காதவள் செல்வி. ஆதிமூலம் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார்.

செல்வி பதில் சொன்னாள். அது என்னவென்று எனக்கும் சொன்னாள். நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: ஜான்சன் கூப்பிட்டான்.