மேனேஜர் தண்ணீர் குடிக்கிறாரா?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. செல்லப்பிராணிகள் இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் கேட்டது, பூனையின் உணவில் ஈரப்பதம் ஏன் முக்கியம் என்று ஒரு கட்டுரை. நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்:

‘பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை. வேண்டிய நீரில் பெரும்பகுதியை இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டன. அதனால் பூனைக்குத் தாகம் என்பது மந்தமாகவே—’

இந்த இடத்தில் ஒரு தையல்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுப்பிப் பார்த்தேன், நகரவில்லை.

2
வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அவன், “தையல் இவளுக்குச் சும்மா பொழுதுபோக்கு” என்று சொல்லிவிட்டான். கழுத்தொடியக் குனிந்து தைப்பவளுக்கு எப்படி இருக்கும்? அன்றோடு பேச்சு நின்றது.

[இதைவிடப் பெரிய காரணங்கள் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். பேச்சு நிற்க இவ்வளவு போதும்.]

பேச்சு நின்றதே தவிர, சேதி நிற்கவில்லை. நடுவில் பூனை இருந்தது. எந்நேரமும் மெஷின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

“மேனேஜர், சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க.”

“டேய், இன்னைக்கு லேட்டாகும்னு உங்கம்மாகிட்ட சொல்லிரு.”

மேனேஜர் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. ஆனாலும் குடும்பம் நடந்தது.

3
[கட்டுரைப் பத்தி ஒன்றை இங்கே செருகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் காய்ந்த தீனியில் ஈரம் மிகக் குறைவு. அதற்கு ஈடாகப் பூனை தண்ணீர் குடித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். பல பூனைகள் போதுமான அளவு குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டிப்படும். ஆண் பூனைக்குக் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.]

மேனேஜர் தின்றது காய்ந்த தீனிதான். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். காலையில் அவன் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, சிந்தாமல் இருக்கட்டும் என்று பாதி ஊற்றிவிட்டுப் போவான். பிறகு அவள் பார்ப்பாள். அட, பாதியைக் குடித்துவிட்டதே என்று மகிழ்ந்து, முட்ட நிரப்பிவைப்பாள். சாயங்காலம் வந்து அவன் பார்ப்பான். காலி செய்திருக்கிறது, அவள் மறுபடி ஊற்றியிருக்கிறாள் என்று திருப்திப்பட்டுக்கொள்வான். ஒரு வார்த்தை பேசியிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும்.

4
ஒரு சாயங்காலம் மேனேஜர் மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. சொட்டு மூத்திரம்கூட வரவில்லை. அது கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

“தண்ணி குடிக்குதா?” என்றார் கால்நடை மருத்துவர்.

“நல்லா குடிக்குது.” இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

“குடிச்சதை யாராவது பார்த்தீங்களா?”

“காலையில கிண்ணம் பாதியாயிருக்குமே” என்றாள் அவள்.

“நான் ஊத்தறதே பாதிதான்” என்றான் அவன்.

“நான்தானே அதை ரொப்பி வைக்கறேன்.” அவள் குரல் இறங்கிவிட்டது.

[இருவரும் நேராகப் பேசிவிட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. எழுதும்போது நானும் கவனிக்கவில்லை.]

மருத்துவர் அடைப்பை எடுத்துவிட்டு வந்தார். “இங்கேயே இருக்கட்டும். தாங்குமான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும். பொழைச்சு வந்தா ஈரத்தீனி குடுங்க, அதுலயும் கொஞ்சம் தண்ணி கலந்து.”

5
முடிவு ஒன்று: மேனேஜர் பிழைத்து வருகிறது. எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வந்ததும் வராததுமாக இவர்கள் பழையபடி அதனிடமே பேச ஆரம்பித்துவிட்டால்?

முடிவு இரண்டு: மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து—

இதை எழுதக் கை வரவில்லை.

ஆகவே, இருவரையும் சாப்பாட்டு மேசையில் விட்டிருக்கிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் பழக்கத்தில் மெஷின் பக்கம் திரும்பினாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“சாப்பிடுங்க.”

அவன் தட்டில் கை வைக்கவில்லை. “பொழைச்சிருவான்ல?”

“தெரியலைங்க.” அவன் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள்: “அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவன் பதிலை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே நான் பேசுவதுபோல இருந்தன. அவனுக்காக நான் பேசினால், நானும் இன்னொரு மேனேஜர்தான். பூனையைப் பிழைக்க வைப்பதானால் வையுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஆனால் அதற்கு முன்னால் அவன் வாய் திறக்க வேண்டும். அவள் கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.