பத்துப் பெயர் பிழை

மடுத்தீன் மாஸ்டரை வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க, ஒரு ஞாயிறு மதியம் பாரிசின் லா சப்பலில் சாப்பாட்டுக்கடை ஒன்றின் கீழறையில் இருபத்தொரு குடும்பங்கள் கூடின. பாதிப் பேர் பிறந்ததிலிருந்து பந்தைக் காலால் தொட்டறியாதவர்கள். பயிற்றுநருக்குப் புத்தி சொல்ல அதெல்லாம் தேவையா என்ன? முதல் தேத்தண்ணி ஆறுவதற்குள் அங்கே ஆளுக்கொரு பயிற்றுநர் முளைத்துவிட்டார்கள்.

உதைபந்தாட்ட அணி, முல்லைத்தீவுக் கரையில் இருந்த ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களுடையது. ஆடுகிறவர்கள் இங்கே பிறந்த பிள்ளைகள். தகப்பன் படித்த கல்லூரியின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் சண்டை பிடித்தபடி ஓடுவார்கள். மடுத்தீன் மாஸ்டர் அந்தக் கல்லூரியின் கடைசிப் பயிற்றுநர். 2009இல் போரின் கடைசி நாட்கள்வரை தன் அணிப் பொடியன்களோடு அந்த மணலில் கிடந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பாரிஸ் வந்து சேர்ந்தவர். வந்த கிழமையே அணியை அவர் கையில் கொடுத்தார்கள். அதுவரை அடிவாங்கிக்கொண்டிருந்த அணி அதற்குப் பிறகு வெல்லத் தொடங்கியது.

போன ஞாயிறு எல்லாம் குழம்பியது. அரையிறுதியை வென்று குதித்துக்கொண்டிருந்தபோது எதிரணி முறைப்பாடு கொடுத்தது. மாஸ்டர் கொடுத்த பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், பதினொன்றில் பத்துப் பெயருக்கு உரியவர்கள் மைதானத்திலேயே இல்லை. அவை 2008ஆம் ஆண்டுக் கல்லூரி அணியின் பெயர்கள். போரின் முடிவோடு காணாமற்போனவர்கள். வெற்றி பறிபோனது.

இம்மாகுலேற்றுக்கு அந்தச் செய்தி கேட்டபோது கோபம் வரவில்லை. சொன்னால் வெட்கம், சந்தோஷம்தான் வந்தது. லா சப்பலில் சேலைக்கடையொன்றில் வேலை செய்கிறவள் அவள். அவளுடைய தம்பி எமில் அந்த 2008 அணியின் கோல் காப்பாளர். 2009 ஏப்ரலில் ஒரு தடவை தொலைபேசியில் பேசினான். அதற்குப் பிறகு குரலும் இல்லை, கடிதமும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. அவனுக்கு எந்தப் பூசை கொடுப்பது என்பதே வீட்டில் பெரிய பாடு. இறந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று கொடுக்க அம்மா விடமாட்டார். ஒவ்வொரு வருடமும் அவர்கள் இருந்த புறநகர் கார்ஜ் லே கொனெஸ் கோவிலில் அவனுடைய சுகத்துக்காகத்தான் பூசை நடந்தது.

மாஸ்டர் வந்த முதல் கிழமையே அம்மாவும் மகளும் அவரிடம் ஓடினார்கள். "பிள்ளையைக் கண்டனீங்களோ?" என்று அம்மா கேட்டார்.

"நான் காணேல்லை அம்மா. சனத்துக்குள்ளை பிரிஞ்சு போனம்."

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிரை வைத்திருந்தார். மகளுக்கும் வேறு பிடி இல்லை.

அன்றிலிருந்து ஒரு ஆட்டத்தையும் இம்மாகுலேற் தவறவிட்டதில்லை. ஆட்டம் சூடு பிடித்தால் மாஸ்டரின் வாயில் அந்தப் பழைய அணியின் பெயர்கள் வரும். "றொசான், ஏறு. கரிகாலன், பின்னாலை ஆள்." ஓடிக்கொண்டிருக்கும் கெவினும் அலெக்ஸும் திரும்பிப் பார்ப்பார்கள், பழகிப்போய்விட்டது அவர்களுக்கு. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் மயிர் கூச்செறியும். வெறும் இடத்தில் யாரோ பந்துக்காக ஓடுவது போலிருக்கும். பயந்துகொண்டேதான் அடுத்த ஞாயிறும் போவாள்.

கூட்டத்தில் சங்கத் தலைவர் இரத்தினம் எழுந்தார். மரக்கறிக்கடைக்காரர், நல்ல மனுசன், ஆனால் பேசத் தொடங்கினால் லேசில் நிறுத்தமாட்டார்.

"மாஸ்டரில எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா மனுசன் இஞ்சை இல்லை. அங்கைதான் நிக்கிறார். பிள்ளையளை எப்பிடி நம்பி விடுறது?"

மாஸ்டர் படிக்கட்டோரக் கதிரையில், அகதி விசாரணைக்கு வந்தவர் போல, கைகளை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

குடும்பத்துக்கு ஒரு கை. பத்துக் கைகள் போகட்டும் என்றன. பத்து இருக்கட்டும் என்றன. மிச்சம் இம்மாகுலேற்.

அவள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"நாங்கள் எல்லாரும் கையை விட்டிட்டம் அண்ணை. இவர் ஒருத்தர்தான் அவையளை உயிரோடை வச்சிருக்கிறார். அதைப் பிழை எண்டு சொல்லுறீங்களோ? அந்தப் பட்டியலைத் தாங்கோ. நான் வாசிக்கிறன். பிறகு சொல்லுங்கோ, எந்தப் பேரை வெட்டுறதெண்டு."

கரிகாலனின் சித்தி பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரத்தினம் தாளை நீட்டினார்.

கோல் காப்பாளரின் பெயர்தான் எப்போதும் முதலாவதாக வரும். தம்பியின் பெயரைத் தன் வாயாலேயே சொல்லப்போகிற ஆசையில் அவள் முதல் வரியைப் பார்த்தாள்.

யதுர்ஷன் என்று இருந்தது.

போன ஞாயிறு கோலில் நின்ற பொடியன். இங்கே ஓல்னேயில் பிறந்தவன். பட்டியலில் சரியாக இருந்த ஒரே பெயர் அதுதான். அவள் கீழே தேடினாள். றொசான் இருந்தான், கரிகாலன் இருந்தான், பத்துப் பேரும் இருந்தார்கள். எமில் இல்லை. இத்தனை ஞாயிறுகளில் மாஸ்டர் ஒரு தடவைகூட எமில் என்று கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மாஸ்டர்," என்றாள். "எமில்ர பேர் இல்லை."

மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை.

"மற்றவையள் ஓடினதைத்தான் நான் கடைசியாக் கண்டனான், பிள்ளை. எங்கையாவது இருப்பாங்கள். எமில்ர பேரை எழுத எனக்குக் கை வரேல்லை."

இம்மாகுலேற்றுக்கு அந்த மனிதரை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் முகம் பார்த்துச் சிரித்தாரே. அதே நேரம் இத்தனை நாளும் அதைத் தனியே சுமந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"தங்கச்சி," என்றார் இரத்தினம் மெல்ல. "உங்கட கை..."

"இருக்கட்டும் அண்ணை. மாஸ்டர் இருக்கட்டும்." தாளை மேசையில் வைத்தாள். பிறகு மாஸ்டரிடம் போனாள். "எழும்புங்கோ. நான் போய்ச் சொன்னா அம்மா நம்பமாட்டா. நீங்கள்தான் சொல்லோணும்."

கார் து நோர் ரயில் நிலையம்வரை இருவரும் நடந்தார்கள். ரயிலில் எதிரெதிரே இருந்தபோது மாஸ்டர் தானாகவே சொன்னார்: மே பதினான்கு, விடியற்காலை. செல் குண்டு விழுந்த பிறகு அரை மணி நேரம் எமிலுக்கு உயிர் இருந்தது. பிறகு கையாலேயே மணலைத் தோண்டி அவனைத் தாட்டார். மேலே ஒரு தடி நட்டார்; அதுவும் இப்போது இருக்காது. அவள் அந்தத் திகதியை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

கதவைத் திறந்த அம்மா, மகளுக்குப் பின்னால் மாஸ்டர் நிற்பதைக் கண்டு பூரித்துப்போனார். மாஸ்டர் வீடு தேடி வந்தால் அதற்கு ஒரு காரணம்தானே இருக்கும். உள்ளே வரச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"பிள்ளையைக் கண்டனீங்களோ?"

இம்மாகுலேற் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் அம்மா," என்றார் மாஸ்டர். "கண்டனான்."