பத்துப் பேரில் இல்லாத பெயர்

சைக்கிளை மதிலில் சாய்த்த வேகத்தில் அது சரிந்து விழுந்தது. வினோஜா திரும்பிப் பார்க்கவில்லை. கூடைப்பந்துத் திடலுக்குள் பாய்ந்து, அணித்தலைவி ஆரபியின் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து வாழைகளுக்குள் எறிந்தாள். பயிற்சி நின்றது.

“பத்துப் பேர் போட்டிருக்கினம். என்ரை பேர் எங்கையடி?”

அந்தப் பட்டியல் காலையில்தான் முகநூலில் வந்திருந்தது. சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் லோஜன், ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் கல்லூரிகளின் சிறந்த வீராங்கனைகள் பத்துப் பேரைத் தன் பக்கத்தில் போடுவான். அணித்தலைவிகள் பெயர் அனுப்புவார்கள். போன வருடப் புள்ளிகளை வைத்து அவன் வரிசைப்படுத்துவான். மாகாணத் தெரிவாளர் ஆட்டம் பார்க்க வரும்போது அந்தப் பத்துப் பேரைத்தான் முதலில் தேடுவார். போன வருடம் முதலாவதாக இருந்தவள் இப்போது கொழும்பில், தேசியப் பயிற்சி முகாமில். இந்த வருடம் முதலாவது வினோஜாதான் என்று எதிரணிகளே சொல்லிக்கொண்டிருந்தன. முதல் ஆட்டம் முப்பதாம் திகதி.

“நான் உன்ரை பேரைத்தான் முதலாவதாக் குடுத்தனான்,” என்றாள் ஆரபி.

“அப்ப வெட்டினது ஆர், பேயோ? ஒன்பதாவது நீ இருக்கிறாய். வடிவான படமும் போட்டிருக்கு.”

ஆரபி குனிந்து, இறுக்கமாகவே இருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“ஏழாம் வகுப்பிலையிருந்து உனக்குப் பந்து குடுத்து உன்னைப் பெரிய ஆளாக்கினது நான்தானே,” என்றாள் வினோஜா. “ எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.”

ஆரபியின் கண் நிரம்பியது. வாய் திறக்கவில்லை. வினோஜாவுக்கு அந்த மௌனமே சாட்சி. செய்யாதவள் என்றால் சண்டை பிடித்திருப்பாள், தெரியாத ஆளா?

உடுவிலிலிருந்து சுன்னாகத்துக்கு ஏழு நிமிடத்தில் மிதித்தாள். சந்தை வாசலில் வெங்காய லொறி ஒன்று குறுக்கே நிற்க, இறங்கி உருட்டினாள். பட்டியலில் பெயர் விடுபட்ட கோபம் ஒரு பக்கம். பிளேன்ரீயில் பாதி, பணிஸில் பாதி என்று ஆறு வருடம் பங்கு போட்டவள் இப்படிச் செய்தாளே என்பதுதான் கூடுதலாக வலித்தது.

லோஜன் அடையாள அட்டைப் படங்களை வெட்டிக்கொண்டிருந்தான்.

“வருவீர் எண்டு தெரியும். இரும்.”

“இருக்க வரேல்லை அண்ணை. ஆரபி என்ன சொல்லி என்னை வெட்டினவள்?”

“ஆரபியோ? அந்தப் பிள்ளை உம்மைத்தான் முதலாவதாப் போடச் சொன்னது. நானும் போட்டனான். இஞ்ச பாரும்.”

கணினித் திரையைத் திருப்பினான். ‘1. வினோஜா.’ நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், விரல் நுனியில் பந்தோடு அவள். வெளியிடப்படாத படம்.

“பிறகேன் எடுத்தனீங்கள்?”

லோஜன் கத்தரிக்கோலை வைத்தான். போனை எடுத்துக் குரல் பதிவு ஒன்றைத் தேடினான்.

“என்னோடை கோபிக்கப்படாது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது.”

குரல் பதிவு ஓடத் தொடங்கியது. முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோயிலில் பக்கத்து ஆளிடம் கதைக்கும் அந்தத் தணிந்த குரல். அம்மா.

“தம்பி, நான் வினோஜான்ரை அம்மா பராசக்தி. ஆரபிப் பிள்ளையிட்டைத்தான் உங்கடை நம்பர் வாங்கினனான். வெளியில சொல்லமாட்டன் எண்டு அவவிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டன். பிள்ளையின்ரை பேரையும் படத்தையும் போட்டிடாதேங்கோ ராசா. நாவூறு பொல்லாதது. நாலு பேர் பாத்து நாலு விதமாக் கதைச்சால் வந்த அலுவலும் குழம்பிப் போடும்.”

பின்னணியில் தொப், தொப் என்று சீரான ஒரு சத்தம். அது என்ன என்று வினோஜாவுக்குப் புரியச் சில கணங்கள் பிடித்தன. செவ்வாய்க்கிழமை பின்னேரம், வீட்டு முற்றத்தில், அவளுடைய பந்து.

“தேப்பனிட்டைப் போறதுக்குக் கனடா விசா வந்து ஒரு மாசமாச்சு. இருபத்தேழாம் திகதி பிளேன். அவளுக்கு றிஜெக்ட் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். தெரிஞ்சால் இந்தப் பந்தை விட்டிட்டு வரமாட்டாள்.”

அம்மாவின் குரல் நின்றது. பதிவு நிற்கவில்லை. தொப். தொப். பிறகு பந்து மேலே போன அமைதி.